ஸ்பீக்கர் பாக்ஸுக்குள் என்ன போடலாம்? செட்டிநாட்டு வீடுகளுக்கான கேள்வி பதில்

கடையில் வாங்கிய டவர் ஸ்பீக்கர், ஆசாரியிடம் சொல்லி அடித்த பிளைவுட் பாக்ஸ், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் எடுத்த பழைய ரேடியோகிராம் (ரேடியோவும் ரிக்கார்டு பிளேயரும் சேர்ந்த பெட்டி) என்று எது இருந்தாலும், அதைத் திறந்து சரிசெய்ய நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை வட்டாரத்து வெயிலையும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் மனதில் வைத்து எழுதியவை.

முதலில் எதை வாங்குவது?

எதையும் வாங்க வேண்டாம். முதலில் நோய் என்னவென்று பாருங்கள். "டேம்பிங்" என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. பாக்ஸின் பலகை அதிர்வதை அடக்குவது ஒன்று. பாக்ஸுக்குள் அடைபட்ட காற்றில் எழும் அலையை உறிஞ்சுவது இரண்டாவது. இணைப்புகளில் காற்றுக் கசிவையும் கடகடப்பையும் நிறுத்துவது மூன்றாவது. பாக்ஸிலிருந்து தரைக்கு இறங்கும் அதிர்வைக் குறைப்பது நான்காவது. ஒன்றுக்கு உதவும் பொருள் மற்றொன்றுக்கு உதவாது. பஞ்சு எவ்வளவு அடைத்தாலும் பலகை அதிர்வு நிற்காது. தார் ஷீட் எத்தனை அடுக்கு ஒட்டினாலும் உள்ளே காற்றில் ஓடும் அலை குறையாது. பணம் வீணாவதில் பெரும்பங்கு இந்தக் குழப்பத்தால்தான்.

எந்த நோய் என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை ஏற்றி, போனை ஆம்ப்ளிஃபயரில் இணைத்துக்கொள்ளுங்கள். பேசும் சத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலான ஒலியில், 40 ஹெர்ட்ஸிலிருந்து 1000 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றுங்கள். ஒரு கையின் விரல் நுனிகளைப் பாக்ஸின் பக்கவாட்டுப் பலகை நடுவில் வையுங்கள். ஏதோ ஒரு அதிர்வெண்ணில் மட்டும் விரல் கூசுகிற அளவுக்குப் பலகை துடித்தால் அது பலகையின் ஒத்ததிர்வு. எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண டாக்டர் ஸ்டெதஸ்கோப் இருந்தால் இன்னும் துல்லியமாகப் பிடிக்கலாம்: பலகையின் மையம், விளிம்பு, மூலை என்று நகர்த்தினால் சத்தம் எங்கே கூடுகிறது என்று தெரியும்.

பலகை அமைதியாக இருந்தும் ஆண் குரல் குடத்துக்குள் பேசுவது போலக் கேட்டால் உள்ளே காற்றில் நிலை அலை (எதிரெதிர்ச் சுவர்களில் பட்டுத் திரும்பி, நின்ற இடத்திலேயே ஆடும் அலை) இருக்கிறது. அதைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். நம் ஊர் வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர். 350-ஐப் பாக்ஸின் உள்நீளத்தின் (மீட்டரில்) இரு மடங்கால் வகுத்தால் போதும். உள்ளுயரம் 90 செ.மீ. உள்ள டவருக்குச் சுமார் 194 ஹெர்ட்ஸ், 40 செ.மீ. பாக்ஸுக்கு 437 ஹெர்ட்ஸ், 25 செ.மீ. அகலத்துக்கு 700 ஹெர்ட்ஸ். குரலின் உடம்பு இருக்கும் இடமே இது. அதனால்தான் பேச்சில் முதலில் தெரிகிறது.

கசிவுக்கு 40 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டு, ஸ்பீக்கர் விளிம்பு, டெர்மினல் பிளேட், பலகை இணைப்புகள் அருகே ஈரக் கையைக் கொண்டுபோங்கள். காற்று குளிர்ச்சியாகப் படும், அல்லது "புஸ்" சத்தம் கேட்கும். கடகடப்பு என்றால் பெரும்பாலும் உள்ளே தொங்கும் வயர், தளர்ந்த காயில் (கம்பிச் சுருள்), கிரில்லின் பிளாஸ்டிக் குமிழ். கிரில்லைக் கழற்றிவிட்டு மறுபடி சோதித்துப் பாருங்கள். சில சமயம் குற்றவாளி ஸ்பீக்கரே இல்லை, அலமாரிக் கண்ணாடிதான்.

முட்டை அட்டை, தெர்மாகோல் ஒட்டினால் பலன் உண்டா?

இல்லை. தெர்மாகோலில் காற்று உள்ளே போக வழியே இல்லை, ஒலியைத் திருப்பி அடிக்கும். முட்டை அட்டை மெல்லிசு. மேல் ஸ்தாயியில் கொஞ்சம் சிதறடிக்கும், பாக்ஸுக்குள் நமக்குத் தொல்லை தருகிற 200 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை ஒன்றும் செய்யாது. டிவி பெட்டியில் வரும் வெள்ளைப் பேக்கிங் ஃபோமும் அப்படியே.

ஸ்பாஞ்ச் எது உதவும் என்று கடையிலேயே பார்க்க ஒரு வழி: துண்டை வாயில் வைத்து ஊதுங்கள். கொஞ்சம் தடையோடு காற்று மறுபக்கம் வந்தால் அது உறிஞ்சும். வரவே இல்லையென்றால் வேண்டாம். தடையே இல்லாமல் வந்தால் அது ஏசி வடிகட்டிக்குத்தான் ஆகும்.

பஞ்சு வகைகளில் இங்கே எது கிடைக்கும், எது நல்லது?

முதல் தேர்வு பாலியெஸ்டர் பஞ்சு. மெத்தைக் கடையில் ரெக்ரான் பஞ்சு என்று கேட்டால் கொடுப்பார்கள். ஈரம் பிடிக்காது, பூச்சி தின்னாது, தோலை அரிக்காது, வெயிலில் கெடாது. கிலோ கணக்கில் உதிரியாக வாங்கலாம். புதுத் தலையணை ஒன்றைப் பிரித்தாலும் சரி. உருண்டை உருண்டையாக இருப்பதைவிட, மெத்தை விரிப்பில் போடும் தகடு வடிவம் வேலைக்கு எளிது. வெட்டி மடித்து வைக்கலாம், இடம் மாறாது.

இலவம்பஞ்சு நம் வீடுகளில் தாராளமாகக் கிடக்கிறது. ஒலியை நன்றாகவே உறிஞ்சும். ஆனாலும் மூன்று குறைகள். தீப்பொறி பட்டால் சட்டென்று பற்றும், ஆகவே உள்ளே ஆம்ப்ளிஃபயரோ, மேல், கீழ் ஸ்தாயிகளைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் சுற்றின் சூடேறும் ரெசிஸ்டரோ உள்ள பாக்ஸில் போடவே கூடாது. இழை மிக நுண்ணியது, போர்ட் (பாக்ஸிலிருந்து காற்று வெளியே போய்வரும் குழாய்) வழியே பறந்து வெளியே வரும், ஊஃபர் (பாஸ் பாடும் பெரிய ஸ்பீக்கர்) காந்தத்தின் பின்துளைக்குள்ளும் போகும். மூன்றாவது, நாளடைவில் அமுங்கி அடியில் தங்கிவிடும். பாக்ஸின் மேல்பாதி காலியாகும். மூடிய சிறு பாக்ஸில், ஆம்ப் இல்லாத இடத்தில், மெல்லிய மல் துணிப் பைகளாகத் தைத்துப் போட்டால் பயன்படுத்தலாம். மழையில் நனைந்த பழைய மெத்தைப் பஞ்சு வேண்டாம்.

பருத்திப் பஞ்சு ஈரத்தில் கட்டியாகும். ஆட்டு ரோமமும் தடித்த கம்பளியும் ஒலிக்கு மிக அருமை. தாழ்ந்த நடுஸ்தாயியில் பாலியெஸ்டரைவிடக் கம்பளிதான் மேல் என்று சொல்பவர்கள் பலர், அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்துப்பூச்சிக்கும் அதே அளவுக்குப் பிடிக்கும். போட்டால் ஆண்டுக்கு ஒரு முறை திறந்து பார்க்கத் தயாராக இருங்கள்.

ரப்பர் பூசிய தென்னை நார்த் தகடு, அதாவது காயர் மெத்தையின் நடுத்தகடு, சுவரில் ஒட்ட வசதியானது. தானாக நிற்கும், சரியாது. நார் தடிமனானது, அதனால் ஒரே தடிமனில் பாலியெஸ்டரைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் உறிஞ்சும். 5 செ.மீ. தகடாகப் போட்டால் ஈடு கட்டலாம். உதிரும் தூளை முதலில் வெளியே தட்டிவிடுங்கள்.

கண்ணாடிக் கம்பளியும் (கிளாஸ் வூல்) பாறைக் கம்பளியும் (ராக் வூல்) உறிஞ்சுவதில் முதல் வரிசை. 1954-இல் எட்கர் வில்ச்சர் அமெரிக்காவில் கொண்டுவந்த மூடிய பாக்ஸ் ஸ்பீக்கரில் அடைத்தது கண்ணாடி இழைதான். ஆனால் வீட்டில் கையாளக் கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை வேண்டும். போர்ட் உள்ள பாக்ஸில் இழை வெளியே வந்து கண்ணிலும் மூச்சிலும் படும். மூடிய பாக்ஸில் துணியில் முழுதும் சுற்றிப் போடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பாலியெஸ்டரே போதும்.

ஸ்பாஞ்சைப் பற்றி ஒன்று. பாலியூரித்தேன் ஃபோம் நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் பிசுபிசுத்துப் பொடியாகும். பழைய ஸ்பீக்கரைத் திறந்தால் கையில் ஒட்டும் மஞ்சள் தூள் அதுதான். அந்தத் தூள் வாய்ஸ் காயில் (ஸ்பீக்கரை ஆட்டும் கம்பிச் சுருள்) இடுக்கில் போனால் கரகரவென்று உரசும். பழைய ஃபோம் இருந்தால் முதல் வேலை அதைச் சுரண்டி எடுத்து, வேக்யூம் கிளீனரால் உறிஞ்சிவிடுவது.

மூடிய பாக்ஸில் எவ்வளவு அடைக்க வேண்டும்?

ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு 8 கிராமில் தொடங்குங்கள். 30 லிட்டர் பாக்ஸ் என்றால் 240 கிராம். அதிகபட்சம் லிட்டருக்கு 16 கிராம், அதாவது 480 கிராம். சமையலறைத் தராசில் எடை போட்டு, இரண்டு பாக்ஸுக்கும் ஒரே எடை போடுங்கள். கண்ணளவில் போட்டால் இரண்டு பக்கமும் வேறு வேறு சத்தம் வரும்.

பஞ்சைக் கையால் நன்றாக உதிர்த்துப் பிரித்த பிறகு போடுங்கள். அமுக்கி அடைக்கக் கூடாது.

பஞ்சு அடைப்பதால் பாக்ஸ் "பெரிதாகும்" என்பது உண்மை. காற்று அமுங்கும்போது எழும் வெப்பத்தை இழைகள் வாங்கிக்கொள்வதால், ஊஃபருக்குப் பாக்ஸ் சற்றுப் பெரிதாகத் தோன்றும். ஏட்டில் 40 சதவீதம் வரை போகலாம், கைவேலையில் கிடைப்பது 10 முதல் 20 சதவீதம். அளவு கூடிப்போனால் பஞ்சே இடத்தை அடைக்கத் தொடங்கும், பாஸ் மெலிந்து உயிரற்றுப் போகும். அதனால் 50 கிராம் 50 கிராமாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் பழக்கமான ஒரே பாட்டைக் கேட்டுப் பார்ப்பதுதான் வழி. லேப்டாப், ஒரு 10 ஓம் ரெசிஸ்டர், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருள் இருந்தால் இம்பிடன்ஸ் கோடு (ஸ்பீக்கரின் மின்தடை அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறுவதைக் காட்டும் கோடு) வரையலாம். அந்தக் கோட்டின் மலை உச்சி பஞ்சு கூடக் கூட இடப்பக்கம் நகர்ந்து தாழும். நகர்வது நின்றதும் நீங்களும் நிறுத்திவிடுங்கள்.

போர்ட் உள்ள பாக்ஸிலும் இதே அளவா?

இல்லை. போர்ட் பாக்ஸில் அடைக்கவே கூடாது. உள்ளே இருக்கும் காற்று வில் போலவும், போர்ட் குழாயில் இருக்கும் காற்று அதில் தொங்கும் எடை போலவும் ஆடினால்தான் பாஸ் வரும். நடுவில் பஞ்சு இருந்தால் அந்த ஆட்டம் செத்துவிடும். "பஞ்சு போட்டேன், பாஸே போய்விட்டது" என்ற புகார்களில் பெரும்பாலானவை இதனால்தான்.

பின் பலகை, ஒரு பக்கவாட்டு, மேல் பலகை ஆகிய மூன்றில் 25 மி.மீ. தடிமனில் உறை போடுங்கள். எதிரெதிர்ப் பலகைகளில் ஒன்றுக்குப் போட்டால் போதும். ஊஃபருக்கு நேர் பின்னே மட்டும் 50 மி.மீ. வையுங்கள், ஏனென்றால் பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி மெல்லிய காகிதக் கோன் வழியாக ஊடுருவி நேரே காதுக்கு வருகிறது. போர்ட் குழாயின் உள்வாய்க்கு முன்னால் குழாய் விட்டத்தின் அளவுக்காவது காலி இடம் விடுங்கள். 7 செ.மீ. குழாய்க்கு 7 செ.மீ., முடிந்தால் 10.

பொருளைச் சுவரில் ஒட்டுவதா, நடுவில் வைப்பதா?

பலரும் கவனிக்காத விஷயம் இது. சுவருக்கு ஒட்டி காற்றின் அசைவு கிட்டத்தட்ட இல்லை. அங்கே அழுத்தம் மட்டும்தான் ஏறி இறங்குகிறது. இழைப் பொருள் உறிஞ்ச வேண்டுமானால் காற்று அதன் வழியே ஓட வேண்டும். சுவரிலிருந்து கால் அலைநீளத் தூரத்தில்தான் அசைவு உச்சம். 1000 ஹெர்ட்ஸுக்கு அது சுமார் 9 செ.மீ. சுவரில் ஒட்டிய 2.5 செ.மீ. ஸ்பாஞ்ச் 3500 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் முழு வேலை செய்யும். அந்த ஸ்தாயியைப் பெரும்பாலும் ட்வீட்டர் (மேல் ஸ்தாயி பாடும் சின்ன ஸ்பீக்கர்) பார்த்துக்கொள்கிறது, பாக்ஸுக்குள் அது வருவதே இல்லை.

ஆகவே 90 செ.மீ. டவரின் 194 ஹெர்ட்ஸ் அலையை அடக்க, பாக்ஸின் நடு உயரத்தில் குறுக்கே ஒரு பஞ்சுத் திரை வைப்பது, எல்லாச் சுவரிலும் மெல்லிசாக ஒட்டுவதைவிடப் பலமடங்கு பலன் தரும். 8 முதல் 10 செ.மீ. தடிமனுள்ள பாலியெஸ்டர் தகட்டை, நைலான் வலை அல்லது குறுக்கே கட்டிய நூல் மேல் தளர்வாக உட்கார வையுங்கள். போர்ட் டவர் என்றால் ஊஃபரும் போர்ட்டும் ஒரே அறையில் தடையில்லாமல் இருக்கும்படி பார்த்து, திரையை மேல்பாதியில் வையுங்கள். சுவரோரம்தான் வைக்க வேண்டும் என்றால், சுவரிலிருந்து 2 செ.மீ. இடைவெளி விட்டு நிறுத்துங்கள்.

கார் கடையில் விற்கும் தார் ஷீட் பாக்ஸுக்கு ஆகுமா?

பலகை அதிர்வுக்கு ஆகும். பிபிசி பொறியாளர்கள் 1970-களில் உருவாக்கிய எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரே 12 மி.மீ. பிளைவுட்டில், உள்பக்கம் தார் வகைத் தகடு ஒட்டிச் செய்ததுதான். தடித்த பலகையைவிட, மெல்லிய பலகையும் நல்ல டேம்பிங்கும் சேர்ந்தால் மேல் என்பது அவர்கள் கண்ட முடிவு.

ஆனால் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஓட்டுக்கூரை அறையிலோ காரிலோ மலிவான தார் ஷீட் இளகி வழியும், தார் வாடை வீட்டில் தங்கும். கொஞ்சம் விலை கொடுத்து, அலுமினியத் தாள் மேலே பதித்த ப்யூட்டைல் ஷீட் வாங்குங்கள். அலுமினியம் அழகுக்காக இல்லை. பலகைக்கும் தாளுக்கும் நடுவே ரப்பர் பசை நசுங்கி உராய்வதால்தான் அதிர்வு வெப்பமாக மாறுகிறது. தாள் தடிமனாக இருக்க இருக்க நல்லது.

முழுப் பலகையையும் மூட வேண்டாம். அதிர்வு அதிகமான நடுப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போதும். பலகையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசி துடைத்து, உருளையால் பலமாக அழுத்தி ஒட்டுங்கள். காற்றுக்குமிழ் இருக்கும் இடத்தில் ஷீட் வேலை செய்யாது. பார்ட்டிகிள் போர்டின் பூச்சில்லாத முகத்தில் ஒட்டாது. முதலில் ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து ஒரு கை பூசிக் காய வையுங்கள்.

கொள்ளளவையும் பாருங்கள். உள்ளளவு 25 × 30 × 40 செ.மீ. பாக்ஸின் சுவர்ப்பரப்பு 0.59 சதுர மீட்டர். 4 மி.மீ. தடிமனில் எல்லாம் மூடினால் 2.4 லிட்டர் போய்விடும், அதாவது 30 லிட்டரில் 8 சதவீதம். போர்ட் பாக்ஸின் ட்யூனிங் (போர்ட் ஒத்ததிரும் அதிர்வெண்) அதனால் நகரும்.

புதிதாகப் பாக்ஸ் அடிக்கிறேன். சுவரையே அதிராமல் செய்ய முடியுமா?

முடியும். இரண்டு பலகைகளுக்கு நடுவே இளகின பசை வைப்பதுதான் இருப்பதிலேயே சிறந்த வழி. வெளியே 12 மி.மீ. பிளைவுட், உள்ளே 6 அல்லது 9 மி.மீ. பிளைவுட், நடுவே காய்ந்த பிறகும் ரப்பர் போலிருக்கும் பாலியூரித்தேன் சீலன்ட். ஃபெவிகால் இங்கே ஆகாது. அது காய்ந்தால் கெட்டியாகி, இரண்டு பலகையையும் ஒரே தடித்த பலகை ஆக்கிவிடும். பலம் கூடும், டேம்பிங் கிடைக்காது.

உள் பலகையை நான்கு பக்கமும் 5 மி.மீ. குறைத்து வெட்டச் சொல்லுங்கள். அது பக்கத்துச் சுவரைத் தொட்டால் அதிர்வு அந்த வழியே தாண்டிவிடும், பசைக்கு வேலை இருக்காது. சீலன்ட்டைப் பல் போட்ட கரண்டியால் 1 மி.மீ. வரும்படி வரிவரியாக இழுங்கள். அது காற்றின் ஈரத்தை வாங்கித்தான் காய்கிறது, வரிகளுக்கு நடுவே காற்றுப் போக வழி இருந்தால்தான் மையம் காயும். மேலே எடை வைத்து ஒரு வாரம் விடுங்கள். உள் பலகைக்கு ஆணியோ ஸ்குரூவோ போடக் கூடாது. ஒரு ஸ்குரூ போதும், செய்த வேலை முழுதும் வீண். ஆசாரி பழக்கத்தில் அடித்துவிடுவார், பக்கத்தில் நில்லுங்கள்.

குறுக்குச் சட்டம் போட்டால் ஷீட் தேவையில்லையா?

குறுக்குச் சட்டம் அதிர்வை அழிக்காது, மேலே தள்ளும். பலகையின் தாங்கலற்ற நீள அகலத்தைப் பாதியாக்கினால் ஒத்ததிர்வு நான்கு மடங்கு ஏறும். சப்ஊஃபர் பாக்ஸுக்கு அது போதும், ஏனென்றால் அந்த ஸ்தாயியில் சப்ஊஃபர் பாடுவதே இல்லை. முழு ஸ்தாயி பாடும் பாக்ஸில் சட்டமும் போட்டு ஷீட்டும் போடுங்கள். சட்டத்தைச் சரி நடுவில் வைக்காமல் 2:3 விகிதத்தில் தள்ளி வையுங்கள். இரண்டு பாதியும் ஒரே சுரத்தில் பாடாமல் இருக்கும்.

இரட்டைச் சுவரில் மணல் நிரப்பலாமா?

நிரப்பலாம். இங்கிலாந்தில் வார்ஃப்டேல் நிறுவனத்தைத் தொடங்கிய கில்பர்ட் பிரிக்ஸ் 1950-களிலேயே மணல் நிரப்பிய பலகைகளைப் பயன்படுத்தினார். மணல் சலித்து, வாணலியில் வறுத்து, ஆறிய பிறகு போட வேண்டும். ஈரம் இருந்தால் பலகை ஊறி உப்பும். உலர்ந்த மணல் லிட்டருக்குச் சுமார் 1.6 கிலோ. ஒரு பாக்ஸுக்கு 10 லிட்டர் என்றாலே 16 கிலோ ஏறும், இடம் மாற்ற இரண்டு ஆள் வேண்டும்.

ஸ்பீக்கரைக் கழற்றி மாட்டும்போது என்ன தப்பு நடக்கும்?

ஸ்குரூ டிரைவரைக் காந்தம் இழுத்துக் கோனில் குத்துவதுதான் முதலாவது. கோனின் மேல் ஒரு தடித்த அட்டையை வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். இரண்டாவது, வயர் முனை மாறுவது. கழற்றும் முன் போட்டோ எடுங்கள். சந்தேகம் வந்தால் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள்: சிவப்பு முனையில் பிளஸ் பட்டால் கோன் வெளியே வர வேண்டும்.

பார்ட்டிகிள் போர்டில் ஸ்குரூ ஓட்டை ஒரே முறை கழற்றினாலே தளரும். தீக்குச்சி வைத்து முறுக்குவது நிற்காது. 8 மி.மீ. துளையிட்டு, தேக்குக் குச்சியை ஃபெவிகால் வைத்து அடித்து, மறுநாள் அதில் ஸ்குரூ போடுங்கள். ஸ்பீக்கர் விளிம்புக்கு 3 மி.மீ. தடிமனில், காற்று ஊடுருவாத (க்ளோஸ்டு செல்) ஃபோம் டேப் வட்டமாக ஒட்டுங்கள், இரண்டு முனையும் சந்திக்கும் இடத்தில் இடைவெளி வரக் கூடாது. ஸ்குரூக்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் ஸ்பீக்கரின் கூடைச் சட்டம் வளைந்து வாய்ஸ் காயில் உரசும்.

சிலிகான் பயன்படுத்தினால் புளித்த காடி வாடை வராத வகை வாங்குங்கள். வாடை வரும் வகை செம்பு வயரை அரிக்கும். ரப்பர் பசை ஒட்டிய பாக்ஸை இரண்டு நாள் திறந்து போட்ட பிறகே ஸ்பீக்கரை மாட்டுங்கள். அடைபட்ட பசை ஆவி கோனின் ஓரத்தையும் ஒட்டுகளையும் இளக்கும்.

ட்வீட்டரைச் சுற்றி ஃபெல்ட் ஒட்டலாமா?

5 மி.மீ. கம்பளி ஃபெல்ட் பல கிலோஹெர்ட்ஸுக்கு மேல், பாக்ஸ் விளிம்பில் பட்டுச் சிதறும் ஒலியைக் குறைக்கும். கம்பெனி ஸ்பீக்கரில் கிராஸ்ஓவரே ஃபெல்ட் இல்லாத நிலைக்கு வகுத்தது. ஒட்டினால் மேல் ஸ்தாயி மங்கலாம். டபுள் சைட் டேப்பில் ஒரு வாரம் வைத்துக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

திருவிழாவுக்குப் போகும் 15 அங்குலப் பாக்ஸுக்கும் இதெல்லாம் செய்யலாமா?

பெரும்பாலும் வேண்டாம். அந்தப் பாக்ஸின் தேவை சத்தமும் லேசான எடையும். வாய்ஸ் காயில் மணிக்கணக்கில் சூடாகும். பஞ்சு அடைத்தால் சூடு வெளியேறாது. பின்பலகையில் மட்டும் 25 மி.மீ. தகடு, கைப்பிடி மற்றும் டெர்மினல் ஓட்டைகளில் கசிவடைப்பு, அவ்வளவு போதும். தகட்டை ஒட்டியதோடு விடாமல் வலை வைத்து ஸ்டேப்ளர் அடியுங்கள். லாரியில் குலுங்கி அவிழ்ந்தால் கோனில் விழும். இரும்பு, அலுமினிய ஹார்ன் கணகணத்தால், வெளிப்புறத்தில் ப்யூட்டைல் பட்டைகளை வளையமாகச் சுற்றுங்கள், உள்வாயில் எதையும் ஒட்டாதீர்கள்.

பழைய ரேடியோகிராம், வால்வு ரேடியோவில் பஞ்சு வைக்கலாமா?

அதன் முதுகு திறந்திருப்பது வடிவமைப்பு. அடைத்தால் வால்வு சூடேறி மரம் கருகும். வால்வுக்கு மேலே சாம்பல் நிற அட்டை இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். சுரண்டவோ கிழிக்கவோ வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் நிற்கும், தெரிந்த மெக்கானிக் இல்லாமல் உள்ளே கை வைக்காதீர்கள். பர்மா, மலேயாவிலிருந்து கப்பலில் வந்த பெட்டியில் தார் ஷீட் ஒட்டினால் பிறகு உரிக்க முடியாது. கடகடப்புக்கு ஸ்பீக்கர் பலகைக்கும் மரத்துக்கும் நடுவே கம்பளி ஃபெல்ட் வளையம் ஒன்று போதும், அதைப் பசை இல்லாமல் ஸ்குரூவிலேயே நிறுத்தலாம்.

ஆத்தங்குடித் தரையில் ஸ்பீக்கரை எப்படி வைப்பது?

கூர்முனை ஸ்பைக் வேண்டாம். ஆத்தங்குடிக் கல் கையால் வார்த்த சிமென்ட் ஓடு, மேல்நிறம் மெல்லிய படலம்தான், பொத்தால் திரும்ப வராது. கறுப்பு ரப்பர் பாதமும் நேரடியாகப் பட்டால் கறை விடும், சலவைக்கல்லிலும் அப்படியே. ரப்பருக்கு அடியில் தக்கை அல்லது ஃபெல்ட் வட்டம் ஒட்டுங்கள்.

எல்லாம் செய்தும் பட்டாலையில் (கூடத்தில்) எதிரொலி போகவில்லையே?

அது பாக்ஸின் குறை இல்லை. சுண்ணாம்பு வழவழப்புச் சுவர், ஓட்டுத் தரை, உயர்ந்த விதானம், எதிரே வளவு (முற்றம்): ஒலியை உறிஞ்ச அங்கே எதுவுமே இல்லை. கோரைப்பாய் விரித்தால் மேல் ஸ்தாயி மட்டும் குறையும். இலவம்பஞ்சு மெத்தை இரண்டை, நீங்கள் உட்காரும் இடத்துக்குப் பின்சுவரில் ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்திக் கேளுங்கள். பாக்ஸுக்குள் மாதக்கணக்கில் செய்ததைவிடப் பெரிய மாற்றம் அதில் தெரியும். நிரந்தரமாக வேண்டுமானால் 10 செ.மீ. தடிமனுள்ள துணி போர்த்திய சட்டங்கள் செய்யலாம். ஸ்பீக்கரை நெருங்கி, 2 மீட்டருக்குள் உட்கார்ந்து கேட்பது செலவில்லாத வைத்தியம்.

பூச்சி, எலித் தொல்லைக்கு என்ன செய்வது?

போர்ட் குழாய் குளவிக்கும் பல்லிக்கும் தயாரான வீடு. கேட்காத நாட்களில் துணிப் பந்து வைத்து மூடுங்கள். நிரந்தர வலை வேண்டுமானால் 5 மி.மீ. கண்ணுள்ள விறைப்பான வலை போடுங்கள், நெருக்கமான கொசுவலை போர்ட்டின் காற்றைத் தடுக்கும். கரையானுக்குப் பாக்ஸைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். மார்கழியில் ஒரு தடவை ஊஃபரைக் கழற்றி உள்ளே கை விட்டுப் பாருங்கள்: பஞ்சு இடம் மாறியிருக்கிறதா, ஷீட் முனை உரிந்திருக்கிறதா, ஈர வாடை வருகிறதா என்று.

செய்த வேலை பலன் தந்ததா என்று எப்படித் தெரியும்?

முதலில் ஒரே ஒரு ஸ்பீக்கரை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் ஒட்டி வைத்து, மோனோவில் ஒரே பாட்டை, ஆம்ப்பின் பேலன்ஸ் திருகால் இடமும் வலமும் மாற்றிக் கேளுங்கள். மாற்றுபவர் ஒருவர், எது எது என்று தெரியாமல் கேட்பவர் இன்னொருவர். ஆண் குரலும் நாதஸ்வரமும் தவிலும் நல்ல சோதனை: குரலில் குடம் போனதா, தவிலின் வலந்தலை அடி சட்டென்று நிற்கிறதா என்று பாருங்கள். பாஸ் குறைந்து தோன்றினால் அவசரப்பட வேண்டாம். பலகை சேர்த்துப் பாடிய பொய்ப் பாஸ் போயிருக்கலாம், இரண்டு நாள் கேட்டால் தெரியும். உண்மையிலேயே மெலிந்திருந்தால் 50 கிராம் பஞ்சை எடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள். சரியான எடை கிடைத்ததும் பின்பலகையின் உள்பக்கம் பென்சிலால் எழுதிவைத்து, அதே எடையில் அடுத்த பாக்ஸைத் திறக்கலாம்.